.22 ரைஃபிளுக்கு இலேசான ஸ்கோப்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

கோலாலம்பூரில் ஒரு கிளப்பில் 3 வருடமாக .22 எனும் சின்னத் தோட்டா ரைஃபிள் சுடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணே, என் போல்ட் ரைஃபிள் ஏறக்குறைய 3 கிலோ. இதுவரை 50 மீட்டரில்தான் சுட்டிருக்கிறேன். இனி 100, 150, 200 மீட்டரில் இரும்புத் தகடு அடிக்க ஆசை. படுத்துச் சுடுவது மட்டுமில்லை. நின்றும், மண்டியிட்டும், மரத்தடுப்பில் சாய்த்தும் சுட வேண்டியிருக்கும். எல்லாரும் 5 முதல் 25 மடங்கு பெரிதாக்கும், 56 மி.மீ. முன்கண்ணாடி உள்ள 5-25x56 ஸ்கோப் வாங்கு என்கிறார்கள். ஒன்றை ஏற்றிப் பார்த்தேன், துப்பாக்கியின் தலையில் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தது போல இருந்தது. இலேசான ஸ்கோப் போதுமா? போதும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது?”

போதும் தம்பி. 200 மீட்டர் வரைக்கும் தாராளமாகப் போதும். ஆனால் ‘இலேசு’ என்ற ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் தவறான பொருள்தான் கையில் வரும். எடையை எந்த இடத்தில் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வியே. உருப்பெருக்கத்திலும் முன்கண்ணாடியின் அகலத்திலும் குறைத்திருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. குறியை ஏற்றி இறக்கும் திருகான டரட் ஏறும் தூரத்திலும், தூரத்துக்கு ஏற்பத் திருப்பிச் சரி செய்யும் பாரலாக்ஸ் குமிழிலும் குறைத்திருந்தால் அந்த ஸ்கோப் .22க்கு உதவாது.

நீங்கள் ஏற்றிப் பார்த்த வகை ஸ்கோப் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். முதலில் அந்த ஒரு கிலோ எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 56 மி.மீ. முன்கண்ணாடி, 34 மி.மீ. குழாய், 5 முதல் 25 மடங்கு வரை போவதற்கு உள்ளே அடுக்கிய லென்ஸ்கள், பெரிய டரட்டுகள். இவை எல்லாம் 1,000 மீட்டரைக் குறிவைத்து, .308, .338 போன்ற பெரிய தோட்டாக்களின் உதையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. நம்முடைய .22 தோட்டா 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். அதற்கு உதையென்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. மெல்லிய குழாயும் அதைப் பிடிக்கும் சின்ன அலுமினிய ரிங்கும் அதற்குப் பல வருடம் தாங்கும். பெரிய துப்பாக்கிக்காரர்கள் வேறு வழியில்லாமல் சுமக்கும் எடையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அதே .22, இன்னொரு விஷயத்தில் பெரிய துப்பாக்கியை விட அதிகம் கேட்கும். தோட்டா மெதுவாகப் போகிறது, அதனால் அதே தூரத்துக்குள் அதிகமாகக் கீழே விழுகிறது. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா குழல் வாயை விட்டுப் புறப்படும்போது வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகம். 50 மீட்டரில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே அடிக்கும்படி சரி செய்த துப்பாக்கி, 100 மீட்டரில் ஏறக்குறைய 20 செ.மீ. கீழே அடிக்கும், 200 மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். மில் என்ற கோண அளவில் சொன்னால் (ஒரு மில் 100 மீட்டரில் 10 செ.மீ.) 100க்கு 2 மில், 200க்கு ஏழரை மில், 300க்கு 14 மில் அளவுக்கு டரட்டை ஏற்ற வேண்டும். உங்கள் குழலுக்கும் தோட்டாவுக்கும் இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் இந்த ஏற்றத்தைக் கொடுக்க முடியாத ஸ்கோப், எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், பாதி வழியில் கைவிட்டுவிடும்.

எனக்கே அப்படி நடந்தது. முதல் தடவை 200 மீட்டர் பாதையில் இடம் கிடைத்தபோது என்னிடம் இருந்தது வேட்டைக்கென்று செய்த ஓர் அழகான ஸ்கோப், 400 கிராம்கூட இல்லை. 100 மீட்டரில் நன்றாக அடித்தேன். 150லும் தகடு மணி போலச் சத்தம் கொடுத்தது. 200க்கு டரட்டைத் திருப்பிக்கொண்டே போனபோது, விரலுக்கு அடியில் கிளிக், கிளிக் என்று வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் திரும்பும் என்று நினைத்தேன், திரும்பவில்லை. அந்த ஸ்கோப்பின் மொத்த ஏற்ற இறக்கம், எம்.ஓ.ஏ. என்ற இன்னொரு கோண அளவில், 40 எம்.ஓ.ஏ. அதில் பாதி, 20 மட்டும்தான், மேலே ஏற்றக் கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்ததோ 26, மேலே சொன்ன அந்த ஏழரை மில். மீதிக்கு வானத்தைக் குறிவைத்து உத்தேசமாகச் சுட்டுக் கையில் இருந்த தோட்டாவையெல்லாம் தீர்த்தேன். அந்த ஒரு காலைக்காக ஒரு மாதம் காத்திருந்தேன்.

அதனால் ஸ்கோப்பின் விவரத்தாளை எடுத்தால் எடைக்கு முன்னால் ‘மொத்த எலிவேஷன்’ என்ற வரியைப் பாருங்கள். எண்ணைப் பாதியாக வெட்டுங்கள்; அந்தப் பாதியில்தான் நீங்கள் வாழ வேண்டும். 60 எம்.ஓ.ஏ. இருந்தால் 30 மேலே கிடைக்கும், 200 மீட்டருக்குப் பரவாயில்லை. அதற்கு அடியில் 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள ரெயில் ஒன்றைப் போட்டால் 50 ஆகிவிடும், 300 மீட்டரைக்கூட எட்டிப் பார்க்கலாம். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த அந்த ரெயில் சின்ன அலுமினியத் துண்டுதான். சில கிராம் கூடும், ஆனால் அதனால் ஒரு பெரிய குழாயின் எடை மிச்சமாகும். சி.இசட். 457 போன்ற துப்பாக்கிகளின் மேல் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம்தான் இருக்கும். அதற்குப் பொருந்தும் ரெயிலா, நேரடியாக டவ்டெயிலில் மாட்டும் ரிங்கா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டு முறுக்கியதில் பள்ளத்தின் ஓரம் நசுங்கிய துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரியும் பிசகு. இதில்தான் இலேசான ஸ்கோப்புகள் அதிகம் ஏமாற்றும். எடையும் விலையும் குறைய வேண்டும் என்று பக்கவாட்டுக் குமிழையே எடுத்துவிட்டு, பாரலாக்ஸை 100 கஜத்திலோ 150 கஜத்திலோ நிலையாக வைத்துவிடுவார்கள். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அது சரி. நமக்குச் சரியில்லை. 40 மி.மீ. முன்கண்ணாடி, பாரலாக்ஸ் 100 மீட்டரில் நிலையாக இருக்கிறது, நீங்கள் 50 மீட்டர் தாளைச் சுடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண் நடுவில் இல்லாமல் ஓரத்துக்குப் போனால் 10 மி.மீ. வரை குறி தவறலாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) 50 மீட்டர் தாளில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். மரத்தடுப்பில் கன்னத்தைச் சரியாகப் பதிக்க முடியாமல் சுடும்போது கண் ஓரத்துக்குப் போகாமல் இருக்காது. .22 போன்ற தோட்டாக்களுக்கென்று ‘ரிம்ஃபயர்’ என்று எழுதி 50 கஜத்தில் நிலையாக வைத்த ஸ்கோப்புகளும் உண்டு. 50க்கு நல்லவைதான், 200க்கு அவற்றில் இதே தவறு தலைகீழாக வரும், கூடுதலாகவும் வரும். 20, 25 மீட்டரிலிருந்து முடிவிலி வரை திருப்பக்கூடிய குமிழ் கட்டாயம் வேண்டும். அதற்காக 50 கிராம் கூடினால் கூடட்டும்.

இப்போது விட்டுக்கொடுக்கக் கூடியதற்கு வருகிறேன். சுபாங் ரேஞ்சில், 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டி நடந்த அதே இடத்தில், 50 மீட்டர் படுத்துச் சுடுபவர்களின் பின்னால் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அவர்கள் துப்பாக்கியில் ஸ்கோப்பே கிடையாது, விதி அனுமதிக்காது. ஒரு சின்னத் துளை வழியாகப் பார்த்து அந்த 10.4 மி.மீ. வட்டத்தை அடிக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று 10 மீட்டர் காற்று ரைஃபிள் சுட்ட நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானியும் அப்படித்தான் குறி பார்த்தார். குறியைப் பெரிதாக்குவதால் மட்டும் தோட்டா அங்கே போய்ச் சேர்வதில்லை. 200 மீட்டர் தகட்டை 12 மடங்கில் பார்ப்பது, வெறுங்கண்ணால் 17 மீட்டரில் வைத்துப் பார்ப்பது போல. உள்ளங்கை அளவு தகடு 17 மீட்டரில் உங்களுக்குத் தெரியாதா?

நம் ஊர் வெயில் இன்னொரு காரணம். காலை 8 மணிக்கு 20 மடங்கில் பார்த்தால் தகட்டின் பெயின்ட் உரிந்தது வரைக்கும் தெரியும். 10 மணி தாண்டட்டும். தரை சூடாகி வெப்பக் காற்று எழும்ப ஆரம்பித்ததும் தகடு தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும். கானல் ஓட்டம் என்பது அதுதான். உருப்பெருக்கம் ஏற ஏற நெளிவும் சேர்ந்து பெரிதாகும். 25 மடங்கு வாங்கியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வளையத்தைத் திருப்பி 12க்கும் 10க்கும் இறக்கிக்கொள்வதை வாராவாரம் பார்க்கிறேன். பயன்படுத்தாத 13 மடங்கின் எடை மட்டும் துப்பாக்கியில் மிச்சம். முன்கண்ணாடிக்கும் இதே கணக்குதான். 42 மி.மீ. கண்ணாடியை 12 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 3.5 மி.மீ. பட்டப்பகலில் உங்கள் கண்மணி விரிவது அதை விடக் குறைவு. நாம் பகலில்தான் சுடுகிறோம்; 56 மி.மீ. எதற்கு?

எனவே 3-12, 3-15, 4-16 என்ற வரிசையில், 40 முதல் 44 மி.மீ. முன்கண்ணாடியோடு தேடுங்கள். 

நின்று சுடுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். உலோக உருவங்களை நின்று சுடும் சில்லவட் ஆட்டத்தில் .22க்குக் கோழி 40 மீட்டர், பன்றி 60, வான்கோழி 77, ஆட்டுக்கடா 100. அந்த ஆட்டத்தின் ஹன்டர் பிரிவில் ஸ்கோப்போடு சேர்த்துத் துப்பாக்கி 8.5 பவுண்டு, ஏறக்குறைய 3.85 கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் 3 கிலோவோடு கூட்டிப் பாருங்கள்: ரிங்கும் ஸ்கோப்பும் 850 கிராமுக்குள் முடிய வேண்டும். அந்த ஆட்டம் ஆடாவிட்டாலும் இந்த எண்ணை எல்லைக்கோடாக வைத்துக்கொள்வது நல்லது. நின்று சுடும் ஆட்டத்துக்கென்றே வைத்த எல்லை அது.

எடை எவ்வளவு என்பதோடு எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 56 மி.மீ. கண்ணாடி குழலில் முட்டாமல் இருக்க உயரமான ரிங் போட வேண்டும். எடை மேலே ஏறியதும் துப்பாக்கி உங்களுக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாயும். தோட்டா 200 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்க்கோட்டிலிருந்து 2 மீட்டருக்கு மேல் விழுகிறது. துப்பாக்கி வெறும் 3 டிகிரி சாய்ந்தால், அந்த விழுதல் பக்கவாட்டில் 10 செ.மீ.க்கு மேல் திரும்பிவிடும். காற்று அடிக்கவில்லையே, ஏன் எல்லாம் வலது பக்கம் போகிறது என்று குழம்புபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 40 மி.மீ. கண்ணாடியும் தாழ்ந்த ரிங்கும் போட்டுப் பாருங்கள், கன்னமும் மரக்கட்டையில் ஒழுங்காகப் படியும். குழாயில் மாட்டும் சின்னக் குமிழிமட்டம் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிக்கிள் விஷயத்தில் பலரும் அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறார்கள். தூரத்துக்குத் தூரம் டரட்டைத் திருப்பிச் சுடுவீர்கள் என்றால் செகண்ட் ஃபோக்கல் பிளேன் (மடங்கு மாறினாலும் கோடு அதே அளவில் தெரியும் வகை) போதும், பெரும்பாலும் இலேசாகவும் இருக்கும். டரட்டைத் தொடாமல் கோடுகளை வைத்தே ஏற்றி அடிக்க வேண்டிய ஆட்டம் என்றால் ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன்; எந்த மடங்கில் வைத்தாலும் ஒரு மில் ஒரு மில்லாகவே இருக்கும். மில்லா எம்.ஓ.ஏ.வா என்பதிலும் சரி தவறு இல்லை. கோடும் டரட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மீட்டரில் யோசித்துப் பழகிய நமக்கு மில் எளிது: 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் சரியாக 1 செ.மீ.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். எடை எப்படி ஏறுகிறது என்று காட்ட நாலைந்து சொல்கிறேன். லியூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம் 3-9x40 சுமார் 350 கிராம். மிக இலேசு, தெளிவான கண்ணாடி. ஆனால் அதன் சாதாரண மாடலில் பாரலாக்ஸ் குமிழ் கிடையாது, 100 மீட்டருக்குள் சுடுபவருக்குத்தான் சொல்வேன். வோர்டெக்ஸ் ரேசர் எல்.எச்.டி. 3-15x42 சுமார் 540 கிராம், 30 மி.மீ. குழாய், பக்கவாட்டுக் குமிழ் உண்டு, செகண்ட் ஃபோக்கல். நீங்கள் கேட்டதற்கு இது மிக நெருக்கம், விலைதான் கை சுடும். வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் டாக்டிக்கல் 4-16x44 சுமார் 650 கிராம், ஃபர்ஸ்ட் ஃபோக்கல், விலை முன்னதை விட நன்றாகக் குறைவு. காசைப் பார்த்து வாங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது இதை. அதே கம்பெனியின் ஸ்ட்ரைக் ஈகிள் 5-25x56 சுமார் 860 கிராம். ஆர்க்கன் ஈ.பி. 5 ஒரு கிலோவைத் தாண்டும். விலைக்கு நல்ல ஸ்கோப்தான், படுத்தே சுடுபவருக்கு.

ரிங்குக்கு இரும்பு வேண்டாம், அலுமினியம் போதும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத் துண்டு மவுண்டும் வேண்டாம். மூடித் திருகுகளை முறுக்கு அளக்கும் குறடு வைத்து 2 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். மெல்லிய குழாயை இறுக்கிப் பிழிந்தால் உள்ளே இருக்கும் டியூப் ஒட்டிக்கொண்டு, கிளிக் சத்தம் மட்டும் வரும், குறி நகராது.

வாங்கியதும் ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் டரட்டைச் சோதிக்கலாம். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை வாங்கி, 50 மீட்டரில் பலகையின் மேல்முனையில் குத்தி, கீழ்முனையில் கனமான நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல்குண்டு போல நேராக நிற்கும். போல்ட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் பதித்து, குறுக்குக் கோட்டை நாடாவின் 20 செ.மீ. கோட்டில் வையுங்கள். இப்போது மேலே 10 மில் திருப்புங்கள், 100 கிளிக். 50 மீட்டரில் ஒரு மில் 5 செ.மீ., ஆகவே கோடு சரியாக 50 செ.மீ. நகர்ந்து 70இல் நிற்க வேண்டும். துப்பாக்கி அசையாமல் இருக்க, கோடு நாடாவில் கீழ்நோக்கி இறங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி. திரும்ப 100 கிளிக் இறக்கினால் பழைய 20இல் வந்து உட்கார வேண்டும். 69இல் நின்றால் 2 விழுக்காடு பிசகு, கணக்கில் சேர்த்துக்கொண்டு வாழலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றால் அன்றைக்கே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அமெரிக்காவில் பெட்டி பெட்டியாகச் சுட்டுச் சோதிப்பார்கள். நமக்கு ஒவ்வொரு தோட்டாவும் லைசென்ஸ் கணக்கில் வருகிறது.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பெட்டியில் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் வேறுபட்டால், 200 மீட்டரில் 10 செ.மீ.க்கு மேல் மேலும் கீழும் சிதறும். எந்த ஸ்கோப்பும் அதைச் சரி செய்யாது. ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த காசை நல்ல தோட்டாவில், அதுவும் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்), போடுங்கள். ஹைவெலாசிட்டி வேண்டாம். 32 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஹைவெலாசிட்டி தோட்டா அதற்கு மேல் புறப்பட்டு, வழியில் ஒலிவேகத்தைக் கடந்து இறங்கும்போது தடுமாறும். இணையத்தில் கிடைக்கும் ஏற்ற அட்டவணைகள் பெரும்பாலும் 15 டிகிரிக்குப் போட்டவை. நம் சூடான காற்று கொஞ்சம் மெலிது, தோட்டா கொஞ்சம் குறைவாகவே விழும். சொந்த அட்டவணையைச் சுட்டு எழுதுங்கள்.

ஈரப்பதம்தான் இந்த ஊரில் ஸ்கோப்பின் பெரிய எதிரி. ஏர்கான் ஓடும் காரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் ஒரு நிமிடத்தில் கண்ணாடி வெளுத்துவிடும். துடைக்காதீர்கள், பெட்டியை மூடியபடியே அரைமணி நேரம் நிழலில் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பஞ்சு வைத்த பெட்டியிலேயே பூட்டி வைத்தால் சில மாதத்தில் லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் அலமாரி, 40 முதல் 50 விழுக்காட்டில், இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்.

கடைசியாக வாங்கும் வழி. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் காற்றுத் துப்பாக்கிக்குக்கூட லைசென்ஸ் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஸ்கோப் வெறும் கண்ணாடிதானே என்று வெளிநாட்டிலிருந்து தனியாகத் தருவிக்காதீர்கள். முதலில் கிளப் செயலாளரிடம் மாடல் பெயரை எழுதிக் கொடுத்து, லைசென்ஸ் உள்ள கடை வழியாக வாங்குங்கள். ரசீதைத் துப்பாக்கி ஆவணங்களோடு வையுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ரேஞ்சில் உங்கள் துப்பாக்கியில் 500 கிராம் சீனிப் பொட்டலத்தை ஸ்கோப் உட்காரும் இடத்தில் டேப் போட்டுக் கட்டி, சேம்பர் (தோட்டா அறை) காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, நின்ற நிலையில் ஒரு நிமிடம் குறி பிடியுங்கள். பிறகு இரண்டு பொட்டலம் கட்டி அதே ஒரு நிமிடம். இடது தோள் எத்தனையாவது வினாடியில் நடுங்க ஆரம்பிக்கிறது என்று பக்கத்தில் ஒருவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லி, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். 540 கிராமா 650 கிராமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.